மூன்று சென்டர் பேக்குகளை நம்பிய சீசன்: லிவர்பூல் 2020-21

2019-20 சீசனில் 99 புள்ளிகளோடு இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் பட்டம் வென்ற லிவர்பூல், அடுத்த சீசனை 69 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தில் முடித்தது. இடையில் என்ன நடந்தது என்று எந்த ரசிகரைக் கேட்டாலும் "வான் டைக்குக்கு அடிபட்டது, தற்காப்பு சரிந்தது" என்பார். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி அந்த சீசனின் கோல் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அணியின் முக்கிய சென்டர் பேக் (தற்காப்பின் நடுவில் நிற்பவர்) வான் டைக் முழுதாக ஆடிய முதல் நான்கு லீக் ஆட்டங்களில் அணி 11 கோல் வாங்கியிருந்தது. அவர் காயமடைந்த எவர்ட்டன் ஆட்டத்துக்குப் பிறகு வந்த ஒன்பது ஆட்டங்களில் வாங்கியது 6 மட்டும். சரிவு அதற்கும் பிறகுதான் வந்தது. அது வந்த இடமும் வேறு.

இந்த ஆய்வு அந்த சீசனில் தற்காப்பு வீரர்களின் எண்ணிக்கை பற்றி எடுத்த முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் வரிசையாகப் பதிவு செய்கிறது. யார் எந்த ஆட்டத்தில் ஆடினார் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் வீரர்களின் பெயர்கள் உண்டு. முடிவெடுத்தவர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். பார்க்க வேண்டியது முடிவைத்தான், ஆளை அல்ல.

பின்னணி

2018 ஜனவரியில் சவுத்தாம்ப்டனிலிருந்து 7.5 கோடி பவுண்டுக்கு வந்த வான் டைக், அடுத்த இரண்டு முழு சீசன்களிலும் 38 லீக் ஆட்டங்களிலும் களமிறங்கினார். 2018-19-ல் லிவர்பூல் வாங்கியது 22 கோல், 2019-20-ல் 33. ஒரு சென்டர் பேக் ஒரு வாரம்கூட விடாமல் கிடைத்துக்கொண்டே இருந்தால், அந்த இடத்துக்கு மாற்று ஆள் வேண்டுமா என்ற கேள்வியே யாருக்கும் தோன்றாது.

அவருக்குப் பக்கத்து இடம் அப்படி இருக்கவில்லை. ஜோ கோமெஸ், ஜோயல் மாட்டிப், டெயான் லவ்ரென் மூவரும் மாறி மாறி ஆடினார்கள். கோமெஸுக்கு 2015-ல் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தது, 2018 டிசம்பரில் கால் எலும்பு முறிந்தது. மாட்டிப் ஆடிய லீக் ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தால் 2016-17-ல் 29, பிறகு 25, 22, 9. நான்கு ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்த எண் அது. 2019-20-ல் லவ்ரென் ஆடியது 10 ஆட்டம்.

அணி ஆடும் முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கவாட்டு வீரர்களும் எதிரணிப் பாதிக்குள் ஏறிப் போய்விடுவார்கள். சென்டர் பேக்குகள் இருவரும் கிட்டத்தட்ட நடுக்கோட்டில் நிற்பார்கள். பின்னால் பெரிய வெற்றிடம். அதைக் காப்பது அந்த இருவர் மட்டுமல்ல, அவர்களுக்கு முன்னால் நிற்கும் நடுகள வீரர் ஃபபின்யோவும்தான். பந்து பறிபோன அடுத்த நொடியே எதிரணிப் பாதியிலேயே அதைத் திரும்பப் பிடுங்கும் வேலை அவருக்கும் இன்னொரு நடுகள வீரரான கேப்டன் ஹென்டர்சனுக்கும் உரியது. பந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பதால்தான் முன்வரிசை மூவருக்கும் திரும்பத் திரும்ப வாய்ப்பு கிடைத்தது. ஆக இந்த அணியின் நடுகளம் ஒரே நேரத்தில் தற்காப்பின் முதல் வரிசையாகவும் தாக்குதலின் தொடக்கமாகவும் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்ததெல்லாம் தானாகப் புரியும்.

2020 கோடையில் எடுத்த முடிவு

கோவிட் காரணமாக நின்றுபோன லீக் ஜூன் 17-ல் மீண்டும் தொடங்கி ஜூலை 26-ல் முடிந்தது. அடுத்த சீசன் செப்டம்பர் 12-ல் தொடக்கம். இடைவெளி ஏழு வாரம்கூட இல்லை. மைதானத்தில் ரசிகர் இல்லை, டிக்கெட் வருமானம் இல்லை. கிளப்பின் கையிருப்பு பற்றிய கவலை உண்மையானது என்பதை மறுக்க முடியாது.

ஜூலை இறுதியில் லவ்ரென் சுமார் 1.1 கோடி பவுண்டுக்கு ரஷ்யாவின் ஜெனித் கிளப்புக்குப் போனார். அவர் இடத்துக்கு யாரையும் வாங்கவில்லை. இடது பக்கவாட்டு மாற்றாக சிமிகாஸ், நடுகளத்துக்கு தியாகோ, முன்வரிசைக்கு ஜோட்டா என்று மூவர் வந்தார்கள். ஜோட்டாவுக்கு மட்டும் தொடக்கத் தொகை 4.1 கோடி பவுண்டு. பதின்ம வயது தற்காப்பு வீரர் ஹூவரை ஜோட்டா வந்த அதே வுல்வ்ஸ் கிளப்புக்கு விற்றார்கள்.

மீதி இருந்தது மூன்று மூத்த சென்டர் பேக்குகள். நான்காவது ஆள் என்று கணக்கில் இருந்தவர் ஃபபின்யோ. அந்தக் கணக்கு ஆதாரமில்லாதது என்று சொல்ல முடியாது. 2019 பிப்ரவரியில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராக அவர் சென்டர் பேக்காக ஆடி, ஆட்டம் கோலின்றி முடிந்தது. அகாடமியில் (கிளப்பின் இளையோர் பிரிவில்) ரிஸ் வில்லியம்ஸ் இருந்தார், முந்தைய சீசனில் ஆறாம் நிலை லீக்கில் கிடர்மின்ஸ்டர் அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, ஆடியவர். நாட் பிலிப்ஸ் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் லோன் முடித்து வந்திருந்தார். அவர் கிளப்பை விட்டுப் போவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்ததால் ஐரோப்பிய கிளப்களின் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்றுப் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

ஏன் இந்த முடிவு? நியாயம் இருந்தது. நான்காவது சென்டர் பேக் ஆண்டுக்குப் பத்து ஆட்டம் ஆடுவார். அந்தப் பத்து ஆட்டத்துக்காக, வருமானம் சரிந்த ஓர் ஆண்டில், நல்ல வீரர் ஒருவருக்குப் பெரிய தொகை கொடுப்பதா? அதே பணத்தில் வயது ஏறிக்கொண்டிருந்த முன்வரிசைக்கு ஆள் சேர்க்கலாம். ஜோட்டாவை வாங்கியது எவ்வளவு நல்ல முடிவு என்பது சில வாரங்களிலேயே தெரிந்தது. காசைத் தப்பான இடத்தில் போட்டார்கள் என்று இப்போது சொல்பவர்கள் ஜோட்டாவை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

என் குறை வேறு. ஆட்களை எண்ணினார்களே தவிர, அந்த ஆட்கள் எத்தனை வாரம் கிடைப்பார்கள் என்பதை எண்ணவில்லை. 38, 28, 9 என்பது வான் டைக், கோமெஸ், மாட்டிப் மூவரும் முந்தைய சீசனில் ஆடிய லீக் ஆட்டங்கள். லீக்கில் மட்டும் நிரப்ப வேண்டிய இடங்கள், ஆட்டத்துக்கு இரண்டாக, 76. இவர்கள் மூவரும் சேர்ந்து 75 ஆட்டங்கள், அதிலும் சிலது மாற்று வீரராக. சாம்பியன்ஸ் லீக்கையும் உள்நாட்டுக் கோப்பைகளையும் இன்னும் சேர்க்கவே இல்லை. எந்தக் காயமும் இல்லாத ஆண்டிலேயே கயிறு இறுக்கமாகத்தான் இருந்திருக்கும்.

விண்டோ (வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கும் காலம்) மூடும் முன் ஒரு சமிக்ஞையும் வந்தது. செப்டம்பர் 20, செல்சி ஆட்டம். சீசனின் இரண்டாவதே லீக் ஆட்டம். கோமெஸும் மாட்டிப்பும் கிடைக்கவில்லை, ஃபபின்யோ சென்டர் பேக். லிவர்பூல் 2-0 என வென்றது, ஃபபின்யோ அருமையாக ஆடினார். இதை "பார்த்தீர்களா, சமாளிக்க முடிகிறது" என்று எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் தெரிகிறது. "இரண்டாவது வாரத்திலேயே நான்காவது ஆள் தேவைப்பட்டார்" என்றும் எடுத்துக்கொண்டிருக்கலாம். வெளிநாட்டு விண்டோ அக்டோபர் 5-ல் மூடியது. அதற்கு முந்தைய நாள் ஆஸ்டன் வில்லாவிடம் 7-2 தோல்வி. அந்த ஆட்டத்தில் வான் டைக், கோமெஸ் இருவருமே ஆடினார்கள் என்பதால் அதை ஆள் பற்றாக்குறைக் கணக்கில் வைக்க முடியாது.

அக்டோபர் 17 முதல் கிறிஸ்துமஸ் வரை

அந்த ஆண்டு இங்கிலாந்தின் கீழ்நிலை லீக் கிளப்களிடமிருந்து வீரர்களை வாங்க மட்டும் அக்டோபர் 16 வரை கூடுதல் அவகாசம் இருந்தது. மறுநாள், அக்டோபர் 17, எவர்ட்டனின் குடிசன் பார்க்கில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் எதிரணி கோல்கீப்பரின் மோதலில் வான் டைக்கின் முழங்கால் போனது. ஏசிஎல் பாதிப்பு, அறுவைச் சிகிச்சை, சீசன் முடிந்தது. கதவு மூடிய மறுநாள் இது நடந்ததைத் துரதிருஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு வரிசையாக வந்தன. அக்டோபர் 27, சாம்பியன்ஸ் லீக்கின் மிட்ஜில்லாண்ட் ஆட்டத்தில் ஃபபின்யோவுக்குப் பின்தொடைத் தசைக் காயம். உள்ளே வந்தவர் ரிஸ் வில்லியம்ஸ். அக்டோபர் 31-ல் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக நாட் பிலிப்ஸ் முதல் பிரீமியர் லீக் ஆட்டம் ஆடி, 2-1 வெற்றி. நவம்பர் 11-ல் இங்கிலாந்து தேசிய அணிப் பயிற்சியில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, கோமெஸின் முழங்கால் தசைநாண் பழுதானது. அவருக்கும் சீசன் முடிந்தது. மூவரில் ஒருவர் மிச்சம், அவர் மாட்டிப்.

இங்கேதான் இந்த நிகழ்வின் விசித்திரமான பகுதி. ஆறு வாரத்துக்கும் மேலாக அணி நன்றாகவே ஆடியது. லெஸ்டரை 3-0, வுல்வ்ஸை 4-0, அப்புறம் டிசம்பர் 19-ல் கிரிஸ்டல் பாலஸை 7-0. கிறிஸ்துமஸ் அன்று 14 ஆட்டங்களில் 31 புள்ளிகளோடு பட்டியலில் முதலிடம். ஃபபின்யோ திரும்பி வந்து சென்டர் பேக்காக லீக்கின் சிறந்தவர்களில் ஒருவர் போல ஆடினார். அவர் விட்டுவந்த நடுகள இடத்தை ஹென்டர்சனும் வைனால்டமும் சேர்ந்து தாங்கினார்கள், இளம் வீரர் கர்டிஸ் ஜோன்ஸ் கைகொடுத்தார்.

அதாவது ஓட்டையை நடுகளத்திலிருந்து ஒரு ஆளை எடுத்து அடைத்தார்கள், நடுகளத்தில் அதைத் தாங்க இன்னும் ஆள் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவருக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது போலவே தெரிந்தது. உண்மையில் தீர்ந்துகொண்டிருந்தது கையிருப்பு. டிசம்பர் 9-ல் ஜோட்டாவும் முழங்கால் காயத்தோடு மூன்று மாதம் போய்விட்டார். தியாகோ எவர்ட்டன் ஆட்டத்திலிருந்தே இல்லை.

ஜனவரி

டிசம்பர் 27, வெஸ்ட் பிராம் ஆட்டத்தில் மாட்டிப் வெளியேறினார். 1-1. மூன்று நாள் கழித்து நியூகாசில், 0-0. ஜனவரி 4, சவுத்தாம்ப்டன்: சென்டர் பேக் இடத்தில் ஃபபின்யோவும் ஹென்டர்சனும். 0-1. ஜனவரி 17, மான்செஸ்டர் யுனைடெட்: அதே ஜோடி, 0-0. ஜனவரி 21, பர்ன்லி: 0-1, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில். 2017 ஏப்ரலிலிருந்து 68 லீக் ஆட்டங்களாகச் சொந்த மண்ணில் தோற்காத அணி அன்று தோற்றது.

நியூகாசிலிலிருந்து பர்ன்லி வரையிலான இந்த நான்கு ஆட்டங்களில் லிவர்பூல் வாங்கியது இரண்டே கோல், அடித்தது பூஜ்யம். சென்டர் பேக் இல்லாத அணி கோல் வாங்கித் தோற்கும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். இந்த அணி கோல் அடிக்காமல் தோற்றது. ஹென்டர்சனும் பின்னால் போனதும், எதிரணிப் பாதியில் பந்தைத் திரும்பப் பிடுங்க ஆள் குறைந்தது. பக்கவாட்டு வீரர்கள் முன்பு போல ஏறத் தயங்கினார்கள், பின்னால் நிற்பவர்களைத் தனியாக விடக்கூடாதே என்று. பந்து முன்வரிசைக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் எதிரணி ஒன்பது பேரைப் பின்னால் நிறுத்தியிருக்கும்.

விண்டோ ஜனவரி 2-ல் திறந்திருந்தது. மேலாளர் தனக்கு ஒரு சென்டர் பேக் வேண்டும் என்பதை மறைக்கவில்லை, ஆனால் அந்த முடிவு தன் கையில் இல்லை என்றும் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். கிளப்பின் நிலைப்பாட்டை வெளியில் தெரிந்த அளவுக்குச் சொன்னால் இவ்வளவுதான்: நெடுநாளுக்கு வேண்டியவர் நடு சீசனில் கிடைக்க மாட்டார், கிடைக்கும் ஒருவருக்காகக் கோடையில் செலவழிக்க வேண்டிய பணத்தை இப்போது கரைக்கக்கூடாது.

இதிலும் நியாயம் உண்டு. ஜனவரியில் நல்ல தற்காப்பு வீரரை எந்தக் கிளப்பும் எளிதில் விடாது. மாட்டிப் திரும்பிவரப் போகிறார், ஃபபின்யோ நன்றாகத்தான் ஆடுகிறார், கோல் அதிகம் வாங்கவும் இல்லை. இப்படிப் பார்த்தால் அவசரம் எங்கே? தற்காப்பின் நிலையைக் கோல் வாங்கிய கணக்கை வைத்து மட்டும் அளந்தால் அவசரம் தெரிந்திருக்காதுதான்.

பர்ன்லியிடம் தோற்ற அன்று மாட்டிப் திரும்பியிருந்தார். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 28, டாட்டன்ஹாமை 3-1 என வென்ற ஆட்டத்தின் முதல் பாதியில் அவருடைய கணுக்கால் தசைநார் போனது. இப்போது மூவருமே சீசனின் மீதி முழுக்க இல்லை. அந்த சீசனில் மூவரும் ஆடிய லீக் ஆட்டங்கள்: வான் டைக் 5, கோமெஸ் 7, மாட்டிப் 10.

கடைசி நாள் ஒப்பந்தங்கள்

விண்டோ மூடிய பிப்ரவரி 1 அன்று இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய பிரெஸ்டனிலிருந்து பென் டேவிஸ், தொடக்கத் தொகை சுமார் 5 லட்சம் பவுண்டு. பதிலுக்கு இளம் தற்காப்பு வீரர் செப் வான் டென் பெர்க் அங்கே லோனில் போனார். ஜெர்மன் லீக்கின் அடியில் தத்தளித்த ஷால்கேவிலிருந்து 20 வயது ஓசான் கபாக் லோனில் வந்தார், விரும்பினால் கோடையில் 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற வாய்ப்போடு. கபாக் போன இடத்தை நிரப்ப ஷால்கே அதே நாளில் அர்செனலிலிருந்து முஸ்தாஃபியை எடுத்தது. ஒரு கிளப்பின் அவசரம் ஒரே நாளில் மூன்று நாட்டுச் சந்தையைத் தாண்டிப் போகும் என்பதற்கு இது நல்ல உதாரணம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நாடு இரண்டுதான்.

டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை. ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு லோனில் போய், 2022-ல் ரேஞ்சர்ஸுக்கு விற்கப்பட்டார். அவர் மேல் தவறில்லை. பிரெஸ்டன் ஆடும் முறைக்கும் நடுக்கோட்டில் தற்காப்பை நிறுத்தும் முறைக்கும் உள்ள தூரத்தைக் கடக்கப் பயிற்சி நாட்கள் வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்று போன அந்த ஆண்டில் அப்படி நாட்களே இல்லை.

கபாக் உடனே இறக்கப்பட்டார். பிப்ரவரி 13, லெஸ்டரில் முதல் ஆட்டம். அவரும் கோல்கீப்பர் அலிசனும் ஒரே பந்துக்குப் போய் மோதிக்கொள்ள, வெறும் வலைக்குள் கோல் போனது, 3-1 தோல்வி. ஒருவரோடு ஒருவர் ஆடியே பழகாதவர்கள். மொழியும் புதிது. ஜனவரி 2-ல் வந்திருந்தால் இந்த மோதல் ஒரு பயிற்சி மைதானத்தில் நடந்து, யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

பிப்ரவரி 20, எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் ஹென்டர்சனின் தொடை இடுக்குத் தசை போனது. சென்டர் பேக்காக ஆடிக்கொண்டிருந்தபோது. தற்காப்பு ஓட்டையை அடைக்கப் போட்ட ஆளையும் இழந்ததோடு, கேப்டனும் சீசனை விட்டுப் போனார். பர்ன்லி, பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹாம் என்று ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் தோல்விகள். கிளப்பின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

மார்ச் 10-க்குப் பிறகு

ஃபுல்ஹாமிடம் தோற்றது மார்ச் 7. அன்று சென்டர் பேக் ஜோடி பிலிப்ஸும் ரிஸ் வில்லியம்ஸும். நடுகளத்தில் மில்னர், வைனால்டம், கெய்ட்டா. ஃபபின்யோ தொடக்க அணியில் இல்லை.

மூன்று நாள் கழித்து, புடாபெஸ்டில் நடந்த லைப்சிக்குக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் மேலாளர் ஒரு எளிய மாற்றம் செய்தார். ஃபபின்யோவை அவருடைய சொந்த இடத்துக்கே திருப்பினார். பின்னால் பிலிப்ஸும் கபாக்கும் நின்றார்கள். 2-0 வெற்றி. அதன் பிறகு லீக்கில் மீதியிருந்த பத்து ஆட்டங்களில் லிவர்பூல் ஒன்றில்கூடத் தோற்கவில்லை, எட்டில் வென்றது. ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டிடம் 3-1 என்று தோற்று ஐரோப்பாவிலிருந்து வெளியேறியதும் இந்தக் காலத்தில்தான். ஆக எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் கபாக்கும் காயமடைந்தார். கடைசி ஐந்து ஆட்டங்களில் மறுபடி பிலிப்ஸ், ரிஸ் வில்லியம்ஸ். ஃபுல்ஹாமிடம் தோற்ற அதே ஜோடி. இப்போது அவர்களுக்கு முன்னால் ஃபபின்யோவும் தியாகோவும். ஐந்திலும் வெற்றி, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 4-2 உட்பட. வெஸ்ட் பிராமில் 95-ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் அலிசனே முன்னால் போய்த் தலையால் முட்டி வெற்றிக் கோல் போட்டார், அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஐந்தாம் இடத்தில் முடிந்த லெஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் இடையே கடைசியில் மூன்றே புள்ளி. முதல் நான்கு இடங்களுக்குக் கிடைத்த சாம்பியன்ஸ் லீக் இடமும் அதன் வருமானமும் அவ்வளவு நெருக்கத்தில் தப்பின.

மூன்று துண்டுகளாகப் பார்த்தால்

சீசனை டிசம்பர் 19 வரை, டிசம்பர் 27 முதல் மார்ச் 7 வரை, அதற்குப் பிறகு என்று மூன்றாகப் பிரிக்கலாம். முதல் 14 ஆட்டங்களில் 31 புள்ளி, அடித்தது 36 கோல், வாங்கியது 19. நடு 14 ஆட்டங்களில் 12 புள்ளி, அடித்தது 11, வாங்கியது 17. கடைசி 10 ஆட்டங்களில் 26 புள்ளி, அடித்தது 21, வாங்கியது 6.

நடுத் துண்டைக் கவனியுங்கள். வாங்கிய கோல் முதல் துண்டைவிடக் குறைவு. முதல் துண்டில் வில்லாவின் 7 இருக்கிறது, அதைக் கழித்தால் நடுத் துண்டில் ஐந்து கோல் கூடுதல். அடித்த கோலிலும் பாலஸின் 7-ஐக் கழித்தால் 36 என்பது 29 ஆகும். அப்படிப் பார்த்தாலும் 29-லிருந்து 11-க்கு விழுந்திருக்கிறது. புள்ளிகளைத் தின்றது இந்த வீழ்ச்சிதான்.

இதற்கு முழுக் காரணமும் நடுகளம் காலியானதுதான் என்று சொன்னால் அது மிகை. ஜோட்டா இல்லாத காலமும் இதே நடுத் துண்டோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அவர் மார்ச்சில் திரும்பி வுல்வ்ஸுக்கும் அர்செனலுக்கும் எதிராகக் கோல்கள் அடித்தார். ஓய்வே இல்லாத அட்டவணை, காலி மைதானம், முன்வரிசையின் களைப்பு எல்லாம் உண்டு. ஆனால் பிலிப்ஸ், வில்லியம்ஸ் ஜோடி மார்ச்சில் ஆடிய ஆட்டத்தையும் மே மாதம் ஆடிய ஐந்து ஆட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர்களுக்கு முன்னால் யார் நின்றார் என்பதை ஒதுக்கிவிட முடியவில்லை. சுமாரான சென்டர் பேக்குகளும் முழுமையான நடுகளமும் கொண்ட அணி, திறமையான நடுகள வீரர்களைப் பின்னால் நிறுத்திய அணியைவிட நன்றாக ஆடியது. அக்டோபரிலிருந்தே பிலிப்ஸ் கிளப்பில்தான் இருந்தார்.

இந்த ஒரு இடத்தில் மேலாளரின் முடிவையும் கேள்வி கேட்கலாம். பிலிப்ஸை ஒதுக்கி, தெரிந்த நல்ல வீரர்களைப் பின்னால் நிறுத்தியது ஆட்டத்துக்கு ஆட்டம் சரியான முடிவு. பத்து வாரம் சேர்த்துப் பார்த்தால் விலை அதிகமான முடிவு. அடுத்த ஆட்டத்தை வென்றாக வேண்டிய ஒருவர் பத்து வாரக் கணக்குப் போடுவது கஷ்டம். அதனால்தான் அந்தக் கணக்கைப் போட வேண்டிய ஆள் அலுவலகத்தில் இருக்கிறார்.

அடுத்த கோடையும் அதற்குப் பின்னும்

சீசன் முடிந்த அதே வாரத்தில், மே 28 அன்று, லைப்சிக்கின் இப்ராஹிமா கொனாத்தேவை வாங்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 3.6 கோடி பவுண்டு. கபாக்கை நிரந்தரமாக வாங்கும் வாய்ப்பைக் கிளப் பயன்படுத்தவில்லை. 2021-22-ல் மூத்த சென்டர் பேக்குகள் நால்வர். வான் டைக் 34 லீக் ஆட்டம், யாரும் எதிர்பார்க்காதபடி மாட்டிப் 31. வாங்கிய கோல் 26, புள்ளி 92, பட்டத்துக்கு ஒரே புள்ளி குறைவு. உள்நாட்டுக் கோப்பைகள் இரண்டும் கிடைத்தன, சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம்வரை போனார்கள். நான்கு பேர் இருந்த ஆண்டில் நான்காவது ஆள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொனாத்தே அந்த ஆண்டு லீக்கில் ஆடியது 11 ஆட்டம்.

சரி, கற்றுக்கொண்டார்கள் என்று முடித்துவிடலாமா? 2021-ல் வைனால்டம் ஒப்பந்தம் முடிந்து பாரிஸுக்குப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. 2022 கோடையிலும் நடுகளம் அப்படியே வயதாகிக்கொண்டிருந்தது. காயங்கள் வந்ததும் செப்டம்பர் 1, விண்டோவின் கடைசி நாளில், யுவென்டஸிலிருந்து ஆர்தர் மெலோ லோனில் வந்தார். அந்த சீசன் முழுக்க முதல் அணிக்காக அவர் ஆடியது நேப்பிள்ஸில் 13 நிமிடம். லிவர்பூல் 67 புள்ளிகளோடு ஐந்தாம் இடம், சாம்பியன்ஸ் லீக் இல்லை. தற்காப்பில் ஒரு கதவைப் பூட்டினார்கள், அதே மாதிரி இன்னொன்று பக்கத்து அறையான நடுகளத்தில் திறந்து கிடந்தது.

என்ன மாற வேண்டும்

கோடையில் எத்தனை சென்டர் பேக் இருக்கிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, கடந்த மூன்று சீசன்களின் சராசரியை வைத்து இவர்களால் எத்தனை ஆட்ட இடங்களை நிரப்ப முடியும் என்று கேட்க வேண்டும். மாட்டிப்பின் 29, 25, 22, 9 என்ற வரிசையை வைத்துக்கொண்டு அவரை ஒரு முழு ஆளாக எண்ணியிருக்க முடியாது. ஆட்ட இடங்களை வைத்து எண்ணியிருந்தால் லவ்ரெனை விற்கும் அன்றே மாற்று ஆள் பேச்சு தொடங்கியிருக்கும். விற்றது தவறில்லை. அவருக்கும் காயங்கள் இருந்தன, ஆடும் வாய்ப்பும் தேவைப்பட்டது.

வேறு இடத்து வீரரை மாற்றாக எண்ணினால் இரண்டு இடத்திலும் அவரைக் கழிக்க வேண்டும். ஃபபின்யோவைச் சென்டர் பேக் பட்டியலில் நான்காவதாக எழுதியவர்கள், நடுகளப் பட்டியலில் அவர் பெயரை அடித்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வரம்பும் முன்கூட்டியே வைக்கலாம்: நடுகளத்திலிருந்து ஒருவர் பின்னால் போகலாம், இரண்டாவது ஆள் போகக்கூடாது, அந்த இடம் அகாடமி வீரருக்கு. ஜனவரி 4-ல் இந்த விதி இருந்திருந்தால் ஹென்டர்சன் நடுகளத்தில் நின்றிருப்பார், பிலிப்ஸ் இரண்டு மாதம் முன்பே பழகியிருப்பார்.

நடு சீசனில் ஆள் வாங்குவதா என்பதை முடிவு செய்யும்போது வாங்கிய கோலை மட்டும் பார்க்கக்கூடாது. எதிரணிப் பாதியில் பந்தைத் திரும்பப் பிடுங்குவது குறைகிறதா, பக்கவாட்டு வீரர்கள் எவ்வளவு தூரம் ஏறுகிறார்கள், கோல் வாய்ப்புகள் எத்தனை என்பவற்றையும் தற்காப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். டிசம்பர் முடிவில் இவை எல்லாம் கிளப்பின் கையில் இருந்திருக்கும். பிரீமியர் லீக்கில் தரவுப் பிரிவை மிக முன்னதாகவே கட்டியெழுப்பிய கிளப்களில் லிவர்பூலும் ஒன்று.

வாங்குவதாக இருந்தால் விண்டோவின் முதல் வாரத்தில் வாங்குவது. ஒரு மாதம் காத்திருந்ததால் விலை குறையவில்லை, தேர்வும் கூடவில்லை. பயிற்சி நாட்கள் மட்டும் போயின. ஜனவரி 2-ல் இருந்த தேவைக்கும் பிப்ரவரி 1-ல் இருந்த தேவைக்கும் இடையே ஐந்து லீக் ஆட்டங்கள் போயிருந்தன. அவற்றில் கிடைத்தது ஏழு புள்ளி.